வில்பத்துக் காடும் முல்லைத் திணையும்

தமிழ் கற்கும் மாணவர் யாவரும் ஐந்திணைப் பாகுபாட்டை அறிவர். குறிஞ்சி, முல்லை, பாலை, மருதம், நெய்தல் என்னும் ஐந்தும், அவற்றுக்குரிய தெய்வமும் உணவும், மாவும் மரமும் புள்ளும், பறையும் தொழிலும் அட்டவணையாக எழுதப்பெற்றுப் பரீட்சைக்கு முன்னிரவில் மனனஞ் செய்யப்படுகின்றன. பரீட்சை முடிந்ததும் பெரும்பாலும் மறக்கப்படுகின்றன. நிலத்தைக் காணாது திணையைக் கற்பது, நீரில் இறங்காது நீந்தக் கற்பதை ஒக்கும். ஆதலின், நம் தீவில் உள்ள காடொன்றையே பாடநூலாக விரித்து வைத்து, அதனைத் திணை நெறியால் வாசிக்கும் முயற்சியாக இக்கட்டுரை அமைகின்றது. கல்லூரியின் விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர்க்கு இது மறந்த பாடத்தின் மீட்டலாகவும், இன்றைய மாணவர்க்குப் புதியதொரு பயிற்சியாகவும் அமைதல் கூடும்.

நாம் எடுத்துக்கொண்ட நூல் வில்பத்துக் காடு. அதன் தெற்கு வாயில் எலுவன்குளம். புத்தளம் நகரிலிருந்து வடக்கே செல்லும் பழைய மன்னார்ச் சாலையிலே, கலா ஓயா என்னும் ஆற்றின் அருகே அமைந்த சிற்றூர் இது. ஊரைக் கடந்து ஆற்றின் தாழ்பாலத்தைத் தாண்டினால் காடு தொடங்குகின்றது. மாரியில் ஆறு பெருகிப் பாலத்தை மூடுங்கால் வழியும் மூடப்படும். காட்டுக்கு மற்றொரு வாயில், புத்தளம் அநுராதபுரம் சாலையிலிருந்து பிரிந்து செல்லும் வழியில், கிழக்கே குணுவிலகமவில் உள்ளது. பயணிகளிற் பெரும்பாலோர் அவ்வழியே புகுவர். எனினும், கடலும் களப்பும் ஆறும் காடும் ஒருங்கே கூடும் இடம் எலுவன்குளமே. திணை கற்க விரும்புவோர்க்கு இதனினும் ஏற்ற வாயில் அரிது.

தொல்காப்பியர் திணைப்பொருளை முதல், கரு, உரி என மூவகைப்படுத்தினார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழ்வனவும் விளைவனவும் கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். அம்முறையே நாமும் செல்வோம்.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

வில்பத்து இலங்கையின் தேசிய வனங்களுள் மிகப் பெரியது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். தெற்கே கலா ஓயாவும், வடக்கே மோதரகம் ஆறும், மேற்கே கடலும் எல்லைகளாம். மலையென்று சொல்லத்தக்கது எதுவும் இந்நிலப்பரப்பில் இல்லை. மேற்குக் கரையில் உள்ள குதிரைமலையும் பெயரால் மலையே தவிரக் கடலை நோக்கி நிற்கும் செம்மண் மேடும் முனையுமே ஆகும். புறநானூற்றுப் புலவர் பாடிய பிட்டங்கொற்றனுக்குரிய குதிரைமலை சேரர் சார்ந்த மலைநிலத்தது. பெயரொற்றுமை கண்டு இரண்டனையும் ஒன்றாகக் கொள்ளுதல் கூடாதென மாணவர் குறித்துக்கொள்க.

இக்காட்டிற்கே சிறப்பாக உரியவை வில்லுகள். 'வில்லு' என்பது மழைநீர் தேங்கும் ஆழமற்ற இயற்கைப் படுகை. மன்னர் கட்டிய குளத்திற்குக் கரையும் மதகும் உண்டு. வில்லுக்கு அவை இல்லை. தட்டுப்போலத் தாழ்ந்த நிலத்தில் நீர் நிற்க, அதனைச் சூழ்ந்து வெண்மணல் விளிம்பும், அதன் அப்பால் புல்வெளியும், அதற்கும் அப்பால் மரச்செறிவும் வட்டம் வட்டமாக அமைந்திருக்கும். வில்லுகளும் குளங்களுமாக அறுபது வரையில் இவ்வனத்தில் உள்ளன. வில்லுகளையுடைய பற்று வில்பற்று. 'பற்று' என்பது மண்முனைப்பற்று முதலிய பெயர்களில் நாம் கேட்டறிந்த நிலப்பிரிவே. ஒருசில வில்லுகளின் நீர் உவர்ப்பானது. 'லுணு அட்ட வில' என்னும் சிங்களப் பெயரிலுள்ள 'லுணு' என்ற சொல்லே உப்பைக் குறிப்பதாகும்.

இந்நிலத்தின் மேற்குப் பகுதியின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புப் பாறை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் நிலத்தடி நீரைத் தாங்கி நின்று கிணறுகளை வாழ்விப்பதும் இதே பாறைத்தொகுதிதான். அது வடமேற்குக் கரை வழியே புத்தளம் வரை நீண்டு வருகின்றது. வடக்கே கிணறாகவும் இங்கே வில்லாகவும் நாம் காண்பது, நீரும் சுண்ணாம்புக் கல்லும் கொண்ட உறவின் இரு தோற்றங்கள் எனலாம்.

இனிப் பொழுது. முல்லைக்குப் பெரும்பொழுது கார்; சிறுபொழுது மாலை. தமிழகத்து இலக்கணம் ஆவணி புரட்டாசியைக் கார் என்னும். வில்பத்துக்கோ மழை தருவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி தொடங்கித் தை வரை வில்லுகள் நிறையும். ஆண்டு மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர். வைகாசி தொடங்கி ஆவணி ஈறாக வறட்சி நிலவும். அக்காலத்தில் வில்லுகள் சுருங்கும், சில முற்றாக வற்றும், மண் வெடிக்கும், சிற்றிலை மரங்கள் தூசி படிந்து நிற்கும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையென்னும் படிவங் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் கூறியதன் பொருள், ஆடி மாதத்தில் இக்காட்டைக் கண்டவர்க்கு உரையாசிரியர் துணையின்றியே விளங்கும். ஒரே நிலம் ஆறு மாதம் முல்லை, சில மாதம் பாலை.

கருப்பொருள்: மரமும் மாவும் புள்ளும்

முல்லைக்கு மரம் கொன்றை என்றும், மா மான் என்றும், புள் கானக்கோழி என்றும் மனனஞ் செய்தோம். மூன்றும் இங்கே உள. வறண்ட வலயத்துக் காடுகளிற் கொன்றை பொற்சரமாகப் பூக்கும். புள்ளிமான் வில்லுகளின் புல்வெளியில் கூட்டங் கூட்டமாக மேயும். கானக்கோழியோ, இத்தீவிலன்றி உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத இனமாய், இலங்கையின் தேசியப் பறவையாய், வழியோரத்தில் சருகு கிளறித் திரியும். பாடநூலில் மூன்று சொற்களாகக் கிடந்தவை இங்கே உயிர்பெற்று நடக்கின்றன.

காட்டின் பெருமரங்களுள் தலையாயவை பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்பன. ஆற்றங்கரைகளில் மருது ஓங்கி வளரும். பாலையும் வீரையும் வறட்சியிலும் இலையுதிராது பசுமை காப்பவை. முதிரையும் கருங்காலியும் தம் வைரத்தால் பெயர்பெற்று, அதனாலேயே கோடரிக்கு மிகுதியும் இரையாயின. இங்குப் பாலை எனப்படும் மரம் மஞ்சள் நிறமான இனிய சிறுகனி தருவது. கனி முதிரும் வைகாசி ஆனி மாதங்களில் கரடி அம்மரத்தில் ஏறி உண்ணும். மற்றைக் காலங்களில் புற்றைத் தோண்டிக் கறையானை உறிஞ்சி உண்டு மறைந்து வாழும் கரடி, வெளிப்படத் தோன்றும் காலம் இதுவே.

யானையும் கரடியும் சிறுத்தையும் குறிஞ்சிக்குரியன அல்லவோ, இச்சமவெளிக் காட்டில் அவை எவ்வாறு வந்தன என மாணவர் வினவலாம். நல்ல வினா. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிற நிலத்தில் வருதலும் உண்டு எனத் தொல்காப்பியரே இடந்தந்துள்ளார். இலக்கணம் இயற்கைக்கு வேலி அன்று. அதனைக் காணுதற்கு ஒரு சாளரம். வில்லினுள் இறங்கிக் கிடக்கும் எருமையும், நீரில் பூத்த தாமரையும் ஆம்பலும் மருதத்தன. மேற்கே சில கிலோமீற்றர் சென்றால் நெய்தல் வந்துவிடும்.

சிறுத்தை இக்காட்டின் தலைமை வேட்டை விலங்கு. சிங்கமும் வேங்கைப் புலியும் இல்லாத இத்தீவில் அதற்கு மேம்பட்ட பகை விலங்கு இல்லை. அதனாற்போலும், பட்டப்பகலிலும் மணல் வழியில் அது அஞ்சாது நடக்கக் காணலாம். இலங்கைச் சிறுத்தை இத்தீவுக்கே உரிய உள்ளினம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அதனை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனமாகக் குறித்துள்ளது. மரை, உக்குளான், காட்டுப்பன்றி, நரி, கீரி, உடும்பு ஆகியவையும் இங்கு வாழ்வன. வில்லுகளில் சதுப்பு முதலை வாய்திறந்து வெயில் காயும்.

நீர்ப்புட்கள் மிகப் பல. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம், சீழ்க்கைச் சிறகி ஆகியவை நிலையாக வாழ்வன. மாரியில் வடபுலத்திலிருந்து ஊசிவால் வாத்து முதலிய வலசைப் புட்கள் வந்து சேரும். இவ்வீரநிலங்களின் சிறப்பை உணர்ந்தே, வில்பத்தும் அதனைச் சார்ந்த நிலங்களும் 2013-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாகப் பதியப்பெற்றன.

எலுவன்குளத்தருகே கலா ஓயா கடலொடு கலக்கும் கங்கேவாடியப் பகுதியில், ஆற்றின் இருமருங்கும் கண்டற் காடு அடர்ந்துள்ளது. படகிற் சென்று காணலாம். கண்டலின் வேர்ப்பின்னலிடையே இறாலும் மீன்குஞ்சும் வளர்ந்து புத்தளக் களப்புக்கும் ஒல்லாந்தர் குடாவுக்கும் செல்லும். களப்பு மீனவரின் சோறு இவ்வேர்களிடையேதான் விளைகின்றது என்றால் மிகையன்று.

கருப்பொருளுள் மக்களும் அடங்குவர்

காடு என்றவுடன் மனிதன் காலடி படாத இடம் என எண்ணுதல் தவறு. வில்பத்து ஒருகால் மக்கள் வாழ்ந்து, பின்னர் மரங்கள் மூடிய நாடு. எலுவன்குளம் என்ற ஊர்ப்பெயரின் ஈற்றிலே குளம் இருக்கின்றது. காட்டின் உள்ளும் அழிந்த குளக்கரைகள் பல கிடக்கின்றன. கலா ஓயாவின் மேற்பாகத்தில் தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் கட்டிய கலாவாவி இன்றும் நீர் தாங்கி நிற்கின்றது. அந்த ஆற்றின் கீழ்ப்பாகத்தில் இருந்த ஊர்களோ காடாயின.

இவற்றினும் பழைய சான்று பொம்பரிப்பு. 'பொன்பரப்பி' என்பதன் திரிபு இப்பெயர் என்பர். கலா ஓயாவுக்கு வடக்கே, காட்டின் மேற்குப் புறத்தில் உள்ள இவ்விடத்தில் பெருங்கற்காலத்து ஈமத்தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 1924-இல் முதலாவதாகவும், 1956-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீண்டும், 1970-இல் அறிஞர் விமலா பெக்லியின் குழுவினராலும் ஆய்வுகள் நிகழ்ந்தன. எலும்புகளும் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்களும் தாழிகளில் இருந்தன. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு இவை ஒத்திருத்தலை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்த வழக்கைப் புறநானூற்றிற் படிக்கும் மாணவன், அவ்வழக்கின் மண்சான்று பாக்கு நீரிணையின் இருபாலும் இருத்தலை அறிதல் வேண்டும்.

விசயன் வந்திறங்கிய இடமாகக் குதிரைமலைக் கரையைச் சுட்டும் மரபும், குவேனியின் அரண்மனை காளிவில்லருகே இருந்ததென்னும் கதையும் உண்டு. கைகளைச் செந்நிறமாக்கிய மண்ணால் தம்பபண்ணி என்னும் பெயர் வந்ததென மகாவம்சம் கூறும். குதிரைமலையின் செம்மண்ணைக் கண்டவர் அக்கதை இவ்விடத்தைச் சார்ந்து வளர்ந்த காரணத்தை எளிதில் உணர்வர். கதை வேறு, சான்று வேறு எனப் பிரித்தறிதலும் கல்வியின் பகுதியே.

காட்டினுள் மேற்குக் கரையோரம் பூக்குளம் என்னும் மீனவர் குடியிருப்பு உள்ளது. பள்ளக்கண்டலில் புனித அந்தோனியார் ஆலயம் உள்ளது. அதன் திருவிழாவுக்கு அடியார் எலுவன்குளம் வழியே காட்டைக் கடந்து செல்வர். காட்டின் வடக்கே முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி என்னும் ஊர்கள் உள. அவ்வூர்ப்பெயர்களிற் கரடியும் பாலைமரமும் இருத்தலை நோக்குக. காட்டோடு அயல்கொண்டு வாழ்ந்த மக்கள் இட்ட பெயர்கள் இவை.

வேட்டையிலிருந்து காட்சிக்கு

இக்காட்டில் மனிதன் கொண்ட பொழுதுபோக்கும் காலந்தோறும் மாறி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அதிகாரிகளுக்கு வேட்டையே விளையாட்டு. ரோஜர்ஸ் என்னும் படை அதிகாரி ஒருவரே 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறுவர். விலங்குகள் அருகிய பின்னர் வேட்டைக்காரரே விழித்தனர். 1894-இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1905-இல் வில்பத்து சரணாலயமாயிற்று. 1937-ஆம் ஆண்டு விலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் பின், 1938-இல் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. சுடுவதற்குச் சென்ற இடத்துக்கு மக்கள் காண்பதற்குச் செல்லலாயினர்.

பின்னர்ப் போர் வந்தது. 1985-இல் வன ஊழியர் பலர் கொல்லப்பட்டனர். 1988 முதல் 2003 வரை வனம் மூடப்பட்டுக் கிடந்தது. திறந்த மூன்றாண்டுக்குள், 2006 மே மாதத்தில், காடு காணச் சென்றோர் நிலக்கண்ணியில் உயிரிழந்தனர். மீண்டும் மூடிய வனம் 2010-இலேயே திறந்தது.

இக்காலத்திலேயே மற்றொரு துயரமும் நிகழ்ந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் ஊர்களினின்று வெளியேற்றப்பட்டனர். பல்லாயிரவர் புத்தளப் பகுதியில் அகதி முகாம்களில் வாழ்ந்தனர். முகாமிற் பிறந்த குழந்தை வளர்ந்து தானும் பெற்றோராகும் அளவுக்கு அக்காலம் நீண்டது. போர் முடிந்தபின் அவர்கள் மீண்டபொழுது, விட்டுச்சென்ற நிலங்கள் பல காடாகியிருந்தன. தேசிய வனத்தின் வடக்கெல்லைக்கு வெளியே காடு வெட்டிக் குடியேற்றங்கள் அமைந்தன. இயற்கை ஆர்வலர் எதிர்த்தனர். 2017-இல் அப்பகுதிக் காடுகள் மாவில்லுப் பேணற்காடு எனப் பிரகடனமாயின. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், வெட்டிய காட்டை மீள நடுதல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. எலுவன்குளத்திலிருந்து காட்டினூடே மன்னார் செல்லும் சாலையும் 2010-இல் நீதிமன்றம் ஏறிய வழக்குக்குப் பொருளாயிற்று.

இவ்வழக்குகளில் ஒரு பக்கம் மட்டுமே அறம் உள்ளதெனக் கருதுவோர், மறுபக்கத்தாரோடு ஒருநாளும் பேசிப் பாராதவர். காடு வெட்டினால் வில்லு வற்றும். யானை ஊருக்குள் வரும். அதன் கேட்டை முதலில் நுகர்வோர் அக்காட்டோர ஏழை உழவரே. அதே வேளையில், இருபது ஆண்டு முகாமில் இருந்த ஒருவர் தம் தந்தை உழுத நிலத்தைக் கேட்பதும் குற்றமன்று. காட்டுக்கும் குடிக்கும் பகையில்லாத எல்லையை வகுக்க வல்ல சட்டவறிஞரும் நிலவளவையாளரும் வன அலுவலரும் நம் வகுப்பறைகளிலிருந்தே எழுதல் வேண்டும்.

உரிப்பொருள்: இருத்தல்

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தலும் இருத்தல் நிமித்தமும். பிரிந்தவர் கார்காலத்தில் மீள்வர் என்று தலைவி ஆற்றியிருக்கும் ஒழுக்கம் அது. நிலத்தோடு ஒழுக்கத்தைப் பொருத்திய நம் முன்னோரின் நுண்மையை வில்பத்தில் உணரலாம். இங்கே எல்லாம் காத்திருக்கின்றன. வறண்ட வில்லு மழைக்கும், கரடி பாலைக்கனிக்கும் காத்திருக்கின்றன. முதலை அசையாது கிடந்து இரைக்குக் காத்திருக்கின்றது. முகாமில் இருந்தோர் ஊருக்குக் காத்திருந்தனர். மூடிய காடு அமைதிக்குக் காத்திருந்தது.

காண்போர்க்கும் இருத்தலே ஒழுக்கம். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை வனத்துட் செல்லலாம். குறித்த தங்குமிடங்களிலும் இடங்களிலும் அன்றி வாகனத்தினின்று இறங்குதல் கூடாது. ஆயினும், பலர் காட்டுக்குட் செல்வது சிறுத்தை ஒன்றனைப் படம் பிடித்தற்கே. ஓரிடத்தில் சிறுத்தை தோன்றிற்றென்று கைபேசியிற் செய்தி வந்தால், வண்டிகள் பாய்ந்தோடிச் சூழும். யால வனத்தில் இந்நெரிசல் நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டு வருகின்றது. துவக்கை விட்டுப் படக்கருவியை ஏந்தினும், துரத்தும் மனம் மாறாவிடின் அது வேட்டையின் எச்சமே.

ஒரு வில்லின் ஓரத்தில் இயந்திரத்தை நிறுத்தி அரைமணி நேரம் பேசாதிருந்து பார்க்க. முதலில் ஒன்றும் நிகழாது. பின்னர் மரத்தின்மேல் மந்திகள் இலை பறித்து உதிர்க்க, அவற்றின்கீழ் மான்கள் வந்து தின்பது தெரியும். மந்தி உயரத்திலிருந்து பகையைக் காணும்; மான் மூக்கால் மோப்பம் அறியும். இரண்டும் ஒன்றற்கொன்று காவல். திடீரென மந்தி கரகரத்துக் குரலெழுப்ப, மான்கள் தலை நிமிர்ந்து ஒரே திசை நோக்கிக் காலால் நிலத்தை உதைத்து ஒலிக்கும். அத்திசையிற் புதரசைவது சிறுத்தை நடத்தலால் ஆகலாம். அது வெளிப்படாமலே போகலாம். ஆயினும், காட்டின் மொழியில் ஒரு வாக்கியத்தைப் பொருளறிந்து கேட்டோம் என்னும் நிறைவு உண்டாகும்.

மாணவர்க்கு

வில்பத்துச் செல்லும் மாணவர் மாசி முதல் ஆவணி வரையுள்ள காலத்திற் செல்க. நீர் சுருங்கச் சுருங்க விலங்குகள் வில்லுகளை நாடி வரும். கையேடொன்றில் முதல், கரு, உரி என மூன்று நிரல் வரைக. முதல் நிரலில் மண்ணின் நிறம், நீரின் அளவு, நாழிகை ஆகியவற்றைக் குறிக்க. இரண்டாவதில் கண்ட மரத்தையும் மாவையும் புள்ளையும் ஊரார் வழங்கும் பெயராலேயே எழுதுக. வழிகாட்டுவோர் பெரும்பாலும் சிங்களப் பெயர் கூறுவராதலின் அதனையும் அருகிற் பதிக. வீரையும் பாலையும் சிங்களத்தில் 'வீர', 'பலு' என வழங்குதலைக் காணும்போது, இரு மொழியும் ஒரே காட்டில் வளர்ந்தமை புலனாகும். மூன்றாவது நிரலை வண்டியில் எழுதற்க. வீடு திரும்பி, இரவில், அக்காட்டில் தாம் எங்ஙனம் ஒழுகினோம் என்பதை எண்ணி எழுதுக.

பிளாத்திக்குக் காட்டுட் கொண்டு செல்லற்க. கொண்டு சென்றதைக் கொண்டே மீள்க. இசை ஒலிக்கற்க. யானை வழியை மறித்தால் யானைக்கே வழி விடுக. அது நமக்கு முன்னரே அவ்வழியை அறிந்தது.

பழைய மாணவர் பலர் இன்று பொறுப்புள்ள பதவிகளிலும், கடல்கடந்த நாடுகளிலும் உளர். விழாவையொட்டிக் கல்லூரிக்கு ஆற்றத்தக்க தொண்டு பலவற்றுள், ஆண்டுக்கொரு வகுப்பு மாணவரை இக்காட்டுக்கு அனுப்பி வைத்தலும் ஒன்றாகுக. கட்டடங்கள் கல்லூரிக்கு வேண்டும். கட்டடத்துக்கு வெளியே உள்ள பாடமும் வேண்டும். அவ்வாறு சென்று மீண்ட மாணவன், பரீட்சை வினாத்தாளில் முல்லைக்கு உரிப்பொருள் யாதென வினவக் கண்டால், அட்டவணையை நினையான். ஒரு வில்லின் கரையில் தான் வாய்திறவாதிருந்த அரைமணி நேரத்தை நினைப்பான். அவன் எழுதும் விடை மறவாத விடையாகும்.